வெள்ளை டேப்புக்குள் ஒரு படகு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலமாகத்தான் இருக்கிறோம், அதாவது எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் அப்பாவுக்குப் படகைத் தவிர வேறு நோய் இல்லை. நீயும் இருமல் முழுதாக விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நான் ஹலோ சொன்னதுமே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், பிறகு நீங்கள் இருவரும் பேசுகிறீர்கள், நான் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். "அப்பாவோட ஆசைம்மா, கணக்குப் பாத்துக் கெடுத்துடாதே, குறையிறதை நான் லோன் போட்டாவது அனுப்புறேன்" என்றாய். நீ அங்கே வாடகை அறையில் கட்டில் இல்லாமல் தரையில் மெத்தை விரித்துப் படுக்கிறாய். இங்கே தண்ணீர்மேல் உன் அப்பாவுக்குக் கட்டில் போட லோன் வாங்கப்போகிறாய். படிக்கவைத்தது வீணாகப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உனக்கு உன் அப்பா பாதிதான் சொல்லியிருப்பார், மீதியை நான் சொல்கிறேன். அவர் தன் பல் மருத்துவமனையை விற்ற அன்றைக்கே நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்தோம், சிறிய படகு ஒன்றுக்கு இவ்வளவு, மிச்சம் முழுவதும் வைப்புக் கணக்கில், அந்த வட்டியை நம்பி நான் அடுத்த ஆண்டு காப்பீட்டு அலுவலக வேலையை விடுவது. மருந்துக்கடைக்காரம்மா தன் படகை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தோம். முழங்கால் வலியால் அவருக்கு ஏறி இறங்க முடியவில்லையாம். கூரை கிடையாது, பின்னால் ஒரு மோட்டார், உட்கார இரண்டு பலகை, அவ்வளவுதான், விலையும் நாங்கள் நினைத்ததற்குள் இருந்தது. ஓட்டிப் பார்க்கலாம் என்று அவரே கூட்டிப்போனார். உன் அப்பா தங்கப் பட்டை வைத்த தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு வந்தார், படகு வாங்குவதற்கு முன்பே தொப்பி வாங்கியாகிவிட்டது. அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும் தொப்பியைக் கழற்றி என் மடியில் வைத்தார். ஊரில் உள்ளவர்களை எல்லாம் "கொஞ்சம் வாயைத் திறங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியே சம்பாதித்த மனிதர், படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தன் வாயை மூட முடியாமல் இருந்தார். அந்த அம்மா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, "நீங்க வந்து இதைப் பிடிங்கம்மா, வலது பக்கம் திரும்பணும்னா இடது பக்கமாத் தள்ளணும்" என்று சுக்கான் கம்பை என்னிடம் கொடுத்துவிட்டார். நான்தான் கரைக்குக் கொண்டுவந்தேன். நேராகக் கொண்டுவரவில்லை, கொஞ்சம் சுற்றித்தான் வந்தேன். எனக்குத் தலை சுற்றவில்லை, நன்றாகப் பசித்தது.

இப்படி ஒன்று நடந்தால் சாதாரண மனிதன் படகு ஆசையை விட்டுவிடுவான். உன் அப்பா வீட்டுக்கு வந்து எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு, படகு சின்னதாக இருந்ததுதான் கோளாறு என்று கண்டுபிடித்தார். மறுநாளே உன் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள விற்பனைக்கூடத்துக்குப் போய்விட்டார். பெரியப்பா கப்பலைக் காலண்டரில் பார்த்திருக்கிறார், அந்த அனுபவத்தில் யோசனை சொல்கிறார். அங்கிருந்த விற்பனைக்காரன், "சார், பெரிய போட்டுல ஆட்டமே தெரியாது, வீட்டு சோபாவுல உக்காந்த மாதிரி இருக்கும்" என்றானாம். வீட்டில் சோபா இருக்கிறது, அதற்குப் பணமும் கட்டி முடித்தாகிவிட்டது, அதில் உட்கார்ந்து யாரும் இதுவரை வாந்தியெடுக்கவில்லை. ஆனால் சோபாவோடு கட்டில், பாத்திரம் கழுவும் தொட்டி, குட்டி ஃபிரிட்ஜ், ஜன்னலுக்குத் திரை எல்லாம் உண்டாம். கடலைப் பார்க்கப் போகிறவருக்குத் திரை எதற்கு என்று கேட்டேன், "உனக்கு ரசனையே கிடையாது" என்றார்.

பிறகு நடந்ததுதான் உச்சம். ஹாலில் மேசை நாற்காலியை ஒதுக்கிவிட்டு, பெரிய படகின் அளவுக்குத் தரையில் வெள்ளை டேப் ஒட்டினார். அதற்குள்ளேயே எனக்குப் புரிவதற்காகச் சின்னப் படகையும் ஒட்டிக்காட்டினார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் இருக்கிறதே, அதுதான் நான் அலுவலகத்தில் கூடுதலாக உட்காரவேண்டிய வருடங்கள். அது அவர் கண்ணில் படவில்லை. மாலையில் அண்ணனும் தம்பியும் டேப்புக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். நான் துணி மடித்துக்கொண்டு குறுக்கே போனால், "அம்மணி, நீ தண்ணியில நிக்கிற" என்று இவர் சொல்ல, அவர் சிரிக்கிறார். டீயை மட்டும் தண்ணீரில் நடந்து கொண்டுவந்து கொடுக்கவேண்டும். கணக்கு இருவர் பெயரிலும் இருப்பதால் என் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது, அதற்கான படிவத்தைத் தினமும் என் மூக்குக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறார்.

என் மேசைக்கு வரும் படகுக் கோப்புகளைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. அவற்றில் மூழ்கியவை பெரும்பாலும் புயலில் மூழ்கியவை அல்ல. கயிற்றில் கட்டிப்போட்டபடியே, யாரும் வந்து பார்க்காமல், உள்ளே ஊறிய தண்ணீரால் மெதுவாக மூழ்கியவை. முக்கால்வாசி கட்டிலும் திரையும் வைத்த பெரிய படகுகள்தான். இதையும் உன் அப்பாவிடம் சொன்னேன். "நீ எல்லாத்தையும் மூழ்குற கோணத்துலயே பாக்குற" என்றார். சம்பளமே அதற்குத்தானே கொடுக்கிறார்கள்.

ஆகவே முடிவைச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடமாட்டேன். அதற்காகப் படகே வேண்டாம் என்று நான் சொன்னதாக நினைக்காதே. இன்று காலை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மருந்துக்கடைக்குப் போய், அந்தச் சின்னப் படகுக்கு என் சம்பளத்திலிருந்து முன்பணம் கொடுத்துவிட்டேன், நாங்கள் முதலில் பேசிய தொகைக்குள்தான். "சார் இனிமே வருவாராம்மா?" என்று அந்த அம்மா கேட்டார். வந்தால் வரட்டும், வாந்திக்கு மாத்திரை கொடுங்கள் என்று வாங்கிவைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து வெளிக்கோட்டு டேப்பை மட்டும் உரித்துவிட்டேன், பசை போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கவேண்டும். உள்கோடு அப்படியே இருக்கிறது. உன் அப்பாவும் பெரியப்பாவும் விற்பனைக்கூடத்திலிருந்து டீ நேரத்துக்கு வந்துவிடுவார்கள். நாற்காலி இரண்டும் அருகருகே அதற்குள் கொள்ளாது, ஒருவர் தண்ணீரில்தான் உட்காரவேண்டும்.

உனக்கு நல்ல பசியும் நல்ல தூக்கமும், உன் பேச்சை நடுவில் வெட்டாத மனிதர்களும் அமையட்டும். லோன் எடுக்காதே, முதலில் ஒரு கட்டில் வாங்கு. எனக்கு ஏதாவது அனுப்பியே ஆகவேண்டும் என்றால், தண்ணீர் புகாத கோட்டு ஒன்று என் அளவில் அனுப்பு. தொப்பி வேண்டாம். இருக்கிற தொப்பியைப் போட்டுப் பார்த்தேன், என் தலைக்குச் சரியாக இருக்கிறது.

இப்படிக்கு, உன் நலத்தையே நினைக்கும்,
அம்மா