பதினான்காம் வாரத்து டயர்கள்

குவார்ட்ஸைட், அரிஸோனா
பிப்ரவரி 20, வியாழன்

அன்புள்ள கர்ட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் ஜோலீனும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே பனி இன்னும் ஜன்னல் உயரத்துக்கு நிற்கிறதா, குழந்தையின் காதுவலி குறைந்ததா. இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றுமில்லை, அப்பாவின் முட்டி மட்டும் காலைக் குளிரில் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. மனசுக்குத்தான் சுகமில்லை. எனக்கு உன் மேல் கோபம், சின்னக் கோபம் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "அப்பாகிட்ட குடும்மா" என்பாய், நானும் கொடுத்துவிடுவேன், அப்புறம் நீங்கள் இருவரும் சிரித்துப் பேசி வைத்துவிடுவீர்கள். காகிதத்தை அப்பாவிடம் கொடு என்று நீ சொல்ல முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து கடைசி வரை படி.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், அப்பா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பார். இந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டு வண்டிக்குப் பக்கத்தில் ஒடெஸா என்றொருத்தி தன் வண்டியை நிறுத்தியிருக்கிறாள், என்னைவிட மூன்று வயது பெரியவள், முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவள். போன வாரம் அப்பா வழக்கம்போல் டயர்களின் வெள்ளை உறைகளைக் கழற்றிவிட்டுப் பாலிஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார், தன் ஷூவுக்குக்கூட அவர் அப்படிப் போட்டதில்லை. ஒடெஸா காப்பிக் கோப்பையோடு வந்து நின்று, "என்னப்பா டெல்மர், வண்டியைப் பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போறியா, இந்த மினுக்கு மினுக்குறே?" என்றாள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "டயர் பட்டனைப் பாரு, தேயவே இல்ல, பள்ளத்துல விரலை வச்சா முழுசா உள்ள போகுது, அப்படியே புதுசு" என்றார். "பட்டன் கிடக்கட்டும், வயசு என்ன?" என்று அவள் கேட்டாள். நாங்கள் வண்டி வாங்கி ஆறு வருஷம்தான், முன்னால் வைத்திருந்தவர் அதிகம் ஓட்டவில்லை என்று அப்பா இழுத்தார். "உங்க கதையைக் கேக்கலைப்பா, டயர் கதையைக் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த வயதில் அவள் ஒரு அட்டையை விரித்து மல்லாந்து படுத்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போய்விட்டாள். முன்பு மாட்டியவன் டயர் செய்த தேதி இருக்கிற பக்கத்தை உள்புறமாகத் திருப்பி மாட்டியிருக்கிறான், வெளியே நின்றால் ஆயுசுக்கும் தெரியாது. அடியிலிருந்தே கத்தினாள், "ஒண்ணு, நாலு, ஒண்ணு, அஞ்சு!" முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருஷத்தின் பதினான்காம் வாரம். முன்னால் இரண்டு, பின்னால் நான்கு, ஆறும் ஒரே வாரத்தில் பிறந்தவை. அவள் வெளியே வந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "உன் டயருங்க எல்லாம் இந்நேரம் நாலாங்கிளாஸ் படிச்சிட்டிருக்கும் டெல்மர், நீ இன்னும் பவுடர் பூசித் தொட்டில்ல போட்டுட்டு இருக்கே" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அங்கேதான் காரியம் கெட்டது. நான் சிரித்ததைப் பார்த்ததும் அப்பா முகம் சிவந்து, "அது கம்பெனிக்காரன் அவன் வசதிக்குப் போட்ட நம்பர்" என்று சொல்லிவிட்டு உறைகளை மாட்டப் போய்விட்டார்.

ரப்பர் ஓடினாலும் சாகும், ஓடாமல் வெயிலில் நின்றாலும் சாகும், வண்டி நிற்கும்போதுதான் வேகமாகச் சாகும் என்று ஒடெஸா எனக்குப் பொறுமையாகச் சொன்னாள். எனக்கு அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. போன மாதம் நெடுஞ்சாலையில் எங்களுடையதைப் போலவே ஒரு பெரிய மோட்டார்ஹோம் முன் டயர் வெடித்து, வேலியைப் பிய்த்துக்கொண்டு பள்ளத்தில் சாய்ந்து கிடந்ததை அப்பாவும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். கிழிந்து கிடந்த டயரில் பட்டன் முழுசாக இருந்தது. மார்ச் மூன்றாம் தேதி நாங்கள் உன் அக்கா வீட்டுக்கு நெப்ராஸ்கா கிளம்ப வேண்டும், மார்லிஸுக்குப் பன்னிரண்டாம் தேதி பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நான் அதற்கு முன் அங்கே இருந்தாக வேண்டும். ஆயிரத்து இருநூறு மைல். கிளம்புவதற்குள் ஆறையும் மாற்றிவிடுவோம் என்று அன்று இரவுச் சாப்பாட்டிலேயே சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வண்டியிலிருந்து இறங்கி வந்த அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி. "கர்ட்டே சொல்லிட்டான்! வெடிப்பு கண்ணுக்குத் தெரியலேன்னா இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடுமாம். அதுக்கும் மேல அம்மா பயந்தா, போற வழியில ஃபிளாக்ஸ்டாஃப்ல அவன் சிநேகிதன்கிட்ட ஒரு செட் சும்மாத்தான் கிடக்காம், மாட்டிக்கலாம்னான்" என்றார். அம்மா பயந்தால்! கர்ட், நீ விமானங்களைப் பழுது பார்ப்பவன். பத்து வருஷ டயரோடு ஒரு விமானத்தை மேலே அனுப்பக் கையெழுத்துப் போடுவாயா? பார்க்காமலே போடுவாயா? அப்பாவுக்கு மட்டும் போட்டுவிட்டாய். அப்பா ஓட்டும்போது நான் எங்கே உட்காருவேன் என்று ஒரு தடவையாவது நினைத்தாயா? வலது முன் சீட்டில். வலது முன் டயர் என் காலுக்கு ஒரு முழ தூரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தவள் சொன்னது காதில் ஏறவில்லை, கூட நாற்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தவள் சொன்னது ஏறவில்லை, பனிக்குள் உட்கார்ந்து நீ சொன்னது மட்டும் வேதமாகிவிட்டது.

அதோடு விட்டாயா. செவ்வாய்க்கிழமை நான் பிடிவாதம் பிடித்து வண்டியை லாரிகளின் எடைமேடைக்குக் கொண்டுபோக வைத்தேன், தண்ணீர், டீசல், பூனை எல்லாவற்றோடும். முன் அச்சில் பதினோராயிரத்து நாற்பது பவுண்டு. அப்பா அதை உனக்கு அனுப்பினார், நீ இரண்டால் வகுத்து, ஒரு டயருக்கு ஐயாயிரத்து ஐந்நூற்றி இருபது, சிநேகிதனுடைய டயர் ஐயாயிரத்து அறுநூறு தாங்கும், கச்சிதம் என்று பதில் போட்டாய். வண்டி என்ன ரொட்டியா, நடுவில் வெட்டினால் இரண்டு பக்கமும் சமமாக வர? ஒடெஸா சொல்லி, ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி மறுபடி நிறுத்தினோம். இடது முன் சக்கரம் ஐயாயிரத்து அறுபது. வலது, ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. உன் அப்பா ஆறு வருஷமாகப் பாலைவனத்தில் பொறுக்கிய கற்கள் எல்லாம் வலது பக்கச் சாமான் அறையில்தான் இருக்கின்றன, இடது பக்கம் குழாய்கள் இருப்பதால் இடமில்லையாம். உன் கச்சிதமான டயர் என் பக்கத்தில் ஒருநாளும் தாங்காது. எடைச் சீட்டை அப்பாவிடம் காட்டினேன். "மேடை கோணலா இருக்கும்" என்றார்.

ஆகவே நீ உடனே அப்பாவைக் கூப்பிட்டு, ஆறையும் மாற்றச் சொல். நீ சொன்னால்தான் கேட்பார். அதுவரை இந்த வண்டியில் நான் தூங்குவேன், சமைப்பேன், அது நகரும்போது ஏற மாட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மேலே இருப்பதை நான் அப்போது அனுப்பவில்லை, இதோடு சேர்த்துத்தான் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை உறையில் போட்டு, தபால் நிலைய வரிசையிலும் போய் நின்றேன். நிற்கும்போதுதான் சுருக்கென்றது. இது அலாஸ்காவுக்கு வந்து, நீ படித்து, உனக்கு நேரம் கிடைத்து, நீ அப்பாவிடம் சொல்லி, அப்பா மனசு வைத்து... எனக்கு அறுபத்தெட்டு வயது, என் உயிருக்கு நான் ஆங்கரேஜிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டிருக்கிறேன். வரிசையிலிருந்து வெளியே வந்து, ப்ளைத் ஊர் டயர் கடைக்கு அங்கிருந்தே போன் போட்டு, சனிக்கிழமைக்கு நேரம் வாங்கினேன்.

சனிக்கிழமை அப்பா தன் கல் பொறுக்கும் கூட்டத்தோடு ஜீப்பில் போய்விட்டார். நான் வண்டிச் சாவியை எடுத்தேன். இதுவரை நான் அதை இரண்டே தடவைதான் ஓட்டியிருக்கிறேன், இரண்டும் காலி மைதானத்தில். ஒடெஸா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "வண்டியை நீ ஓட்டு, நான் வாயை மட்டும் ஓட்டுறேன்" என்றாள். கிளம்புமுன் இருவருமாக அத்தனை கற்களையும் இறக்கி, வண்டி நின்ற இடத்திலேயே குவித்து, பக்கத்தில் அப்பாவின் மடக்கு நாற்காலியைப் போட்டு, டயர் மாற்றப் போகிறேன், சாண்ட்விச் டப்பாவில் இருக்கிறது என்று சீட்டு எழுதி வைத்தேன். மெதுவாகத்தான் போனோம். ஆற்றுப் பாலத்தில் பக்கவாட்டில் காற்று அடித்தபோது ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அந்த ஸ்டீயரிங்கை அப்படி நெரிக்காதே ரோவீனா, அது உன் புருஷன் கழுத்து இல்ல" என்றாள். பாலம் முடியும்வரை சிரித்துக்கொண்டே ஓட்டினேன், அழுகையும் வந்தது.

கடையில் எஃப்ரெயின் என்ற பையன், பையன் என்ன, உன் வயதுதான், நான் கேட்டபடி ஒவ்வொன்றும் ஏழாயிரம் பவுண்டுக்கு மேல் தாங்குகிற ஆறு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். மாட்டுவதற்கு முன் நான் ஒவ்வொன்றாகக் குனிந்து தேதி பார்த்தேன். நான்கு போன நவம்பரில் செய்தவை. இரண்டுக்கு மூன்று வயது. வேண்டாம் என்றேன். "கிடங்குல சும்மா இருந்ததுதானேம்மா, ஒரு மைல்கூட ஓடலையே" என்றான். "என்னோடதும் சும்மா இருந்துதான்ப்பா கெட்டுப்போச்சு" என்றேன். போன் போட்டு வேறு இரண்டு வரவழைத்தான், இரண்டு மணி நேரம் ஆயிற்று, காத்திருந்தோம். தேதி வெளியே தெரியும்படி மாட்டச் சொன்னேன், மாட்டினான். இனி இதைப் படிக்க யாரும் மண்ணில் படுக்க வேண்டாம்.

இப்போது கேள். வலது முன் டயரைக் கழற்றித் தரையில் போட்டதும் எஃப்ரெயின் என்னைக் கூப்பிட்டான். உள்பக்கச் சுவரில், ஒடெஸாவின் டார்ச்சுக்கும் தெரியாமல் சக்கர விளிம்பை ஒட்டி, என் கை நீளத்துக்கு ஒரு வெடிப்பு, அவன் கட்டைவிரல் நகம் அதில் இறங்கியது. வெளிப்பக்கம் அப்பாவின் பாலிஷில் என் முகம் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இரண்டு வருஷம் என்றாயே. கண்ணை யார் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள், கர்ட்?

சாயங்காலம் திரும்பி வந்தபோது அப்பா கற்குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை. எழுந்து, ஆறு சக்கரத்தையும் சுற்றி வந்து எண்ணைப் படித்தார். நான் அந்த வெடிப்பைப் படம் பிடித்திருந்தேன், காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அக்டோபர்லேருந்தே வலது பக்கம் இழுக்குது ரோ" என்றார். அக்டோபரிலிருந்து! "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "சொன்னா நமக்கு வயசாச்சு, வண்டியை வித்துடலாம்பே. கர்ட் ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டா ஒண்ணும் இல்லாமப் போயிடும்னு நினைச்சேன்" என்றார். பயந்தது நானில்லை, கேட்டுக்கொள். அந்த மனிதர் நான்கு மாதம் அந்தப் பயத்தைத் தனியாகப் பிடித்து ஓட்டியிருக்கிறார், பக்கத்தில் நான் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை. காலையில் அவரே காப்பி போட்டுக் கொடுத்தார், குடித்தேன், அவ்வளவுதான். கற்களில் ஒரு தொட்டி அளவு மட்டும் ஏறும், மற்றதைக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்றாம் தேதி கிளம்புகிறோம், பாதி தூரம் நான் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டேன், சரி என்றார்.

உன்னிடம் அவர் கேட்டது டயரைப் பற்றி இல்லை. ஒன்றுமில்லை என்று ஒரு குரல் சொல்ல வேண்டும், அதற்குத்தான் கூப்பிட்டார், நீயும் நல்ல பிள்ளையாகச் சொல்லிவிட்டாய். அவருக்குப் பிரியமானதைச் சொல்வது உனக்குச் சுலபம், இரண்டாயிரத்துச் சொச்சம் மைல் தள்ளி இருக்கிறாய். இனி அவர் முட்டியைப் பற்றிக் கேட்டாலும், நெஞ்சைப் பற்றிக் கேட்டாலும், நான் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாது என்று சொல்லப் பழகு. கேட்க அவருக்குக் கஷ்டமாக இருக்கும், இருக்கட்டும்.

குழந்தையின் காதில் நீயாக எண்ணெய் எதுவும் ஊற்றாதே, டாக்டரிடம் காட்டு. ஜோலீனிடம் நான் அனுப்பிய பின்னல் தொப்பி பெரிதாக இருந்தால் பிரித்துத் தருகிறேன் என்று சொல். மார்லிஸைப் பன்னிரண்டாம் தேதிக்கு முன் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசு. ஆண்டவர் உங்கள் மூவரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும், கோபத்திலும் அதைத்தான் தினமும் கேட்கிறேன். அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது, அப்பாவிடம் முதல் வாக்கியமாக, நான் பார்க்காமல் சொன்னேன் அப்பா, தப்பு என்று சொல். இரண்டாவது வாக்கியம் வேண்டாம்.

உன் அம்மா,
ரோவீனா