பால்கனிக்கு ரங்கூன் மல்லி

கள்ளிக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மைதிலிக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் மஸ்கட் வெயிலில் வாடாமல் இருக்கிறீர்களா? போனில் பேசினால் உன் தங்கை லாவண்யா பக்கத்திலேயே இருக்கிறாள், சில விஷயங்களைச் சொல்ல வாய் வருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எதிரே காலி மனையாகக் கிடந்ததே, அங்கே மூன்று மாடி எழும்பிவிட்டது. அவர்கள் பால்கனிக்கும் நம் பால்கனிக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்துதான். அங்கே பரந்தாமன் என்று ஒருவர் குடிவந்திருக்கிறார், பேரன் பேத்தி எடுத்த மனுஷன், தெருவில் பார்த்தால் கும்பிடு போடுவார். ஆனால் லாவண்யா துணி காயப்போட வந்தால் போதும், வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றுகொள்வார், நுரை தாடையில் ஒழுக ஒழுகப் பார்ப்பார், பிறகு காறித் துப்பிவிட்டு மறுபடியும் பார்ப்பார். சீ, என்ன மனுஷனோ! நம் பிள்ளை ஹாலிலேயே கொடி கட்டித் துணி போட ஆரம்பித்துவிட்டாள், மழை நாளில் வீடு முழுக்க ஈர நாற்றம்.

செடி வைத்து மறைக்கலாம் என்று முதலில் சங்குப்பூ விதைத்தேன். பூ அழகுதான், ஆனால் அடியிலெல்லாம் இலை காய்ந்து ஓட்டை ஓட்டையாக நின்றது. அப்பா பிளாஸ்டிக் இலைத் தட்டி வாங்கிவந்தார், ஒரே கோடையில் வெளுத்துப் பொடிப்பொடியாகச் சோற்றிலேயே விழுந்தது. பிறகு பாடி பக்கம் நர்சரி வைத்திருக்கும் தங்கவேலுவிடம் கேட்டேன். மேற்கு வெயில் என்றதும், “ரங்கூன் மல்லி வையிம்மா, பெரிய தொட்டியா வச்சி கம்பி வல கட்டி உட்டுடு, ஆளே தெரியாது” என்றான். சொன்னபடியே ஆடி போய் ஐப்பசி வருவதற்குள் சுவர்போல அடைத்துக்கொண்டது, கொத்துக் கொத்தாகப் பூ வேறு. லாவண்யா மறுபடியும் வெளியே வந்து தலை உலர்த்தினாள்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். அவள் துணி உதறிக்கொண்டிருக்கிறாள், மல்லிக் கொடி அசைகிறது, பார்த்தால் ஒட்டடைக் குச்சி ஒன்று அந்தப் பக்கத்திலிருந்து நுழைந்து இலையை விலக்குகிறது, பின்னாலேயே அந்த ஆளின் கண். லாவண்யா குச்சியின் முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இன்னா சார், எங்க ஊட்டு ஒட்டடைய நீ அடிக்கிறியா?” என்று தெருவே கேட்கக் கத்தினாள். கீழே தண்ணீர் கேன் இறக்கியவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள். அந்த ஆள், “பல்லி, பல்லி கீதும்மா, தொரத்திகினு இருந்தேன்” என்று உளறுகிறார், குச்சியை விடவும் தெரியவில்லை. அதற்குள் அவர் மனைவி கன்னியம்மாள் வந்துவிட்டாள். குச்சியின் ஒரு முனை புருஷன் கையில், மறுமுனை என் பெண் கையில். அவர் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கினாள், கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளாத குறை.

குச்சி பட்ட இலைகளையெல்லாம் நறுக்கிக் குப்பையில் போட்டேன், அப்படியும் அருவருப்பு போகவில்லை. சாயங்காலம் கன்னியம்மாள் நம் வாசலில் வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “யக்கா, அந்த மல்லிக் கொடில ரெண்டு துண்டு குடு. எங்க பக்கமும் ஏத்தி உடறேன்” என்றாள். வேர்விட்ட பதியமாகவே பார்த்துக் கொடுத்தேன். இப்போது அவர்கள் பால்கனியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கம்பி வலை கட்டியிருக்கிறாள், அந்த ஆள் தெருக்குழாயில் பல் தேய்க்கிறார்.

அங்கேயும் எவனாவது முறைத்துப் பார்த்தால் முதலில் கத்து, செடியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். குழந்தைக்குத் தடுப்பூசி தேதியை மறந்துவிடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும்.

உன் அம்மா,
வசந்தகுமாரி