மச்சான் பக்கத்துக் கதவு

என் அருமை மச்சானுக்கு,

நீங்கள் போன பிறகு ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. நம்ம ஊர் பள்ளங்கியில் பூண்டு நல்ல விளைச்சல். எனக்கு முன்மண்டை வழுக்கை. ஊரே பார்த்தாயிற்று, உங்களிடம் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

உங்கள் காரை விற்கவில்லை. ஊரைக் காலிசெய்த வெள்ளைக்காரரிடம் வாங்கினீர்களே, அந்தக் கிழட்டுக் கார் வீட்டுச் சரிவில் கீழ்நோக்கி நிற்கிறது. தொல்லையெல்லாம் நீங்கள் ஓட்ட உட்காரும் பக்கத்துக் கதவுதான். சாயங்காலம் மேகம் இறங்கியதும் கிரீச்சென்று தானே திறந்துகொள்ளும்.

"அவுக வந்துட்டாக" என்று அக்கா போய்விடுவாள். இடதுபக்கம் சுற்றிப்போய் ஏறி உட்கார்ந்து உங்களோடு பேசுவாள். பக்கத்து வீட்டு மருமகளின் சண்டைவரை எதுவும் பாக்கி இருக்காது. நானே மறைந்து நின்று கேட்டு ஊர்ச்சேதி தெரிந்துகொண்டேன் என்றால் பாருங்களேன்! ஆனால் குளிர் அவள் நெஞ்சில் இறங்கிவிட்டது. இனியும் பனியில் உட்கார்ந்தால் உயிருக்கு ஆபத்து என்கிறார் கொடைக்கானல் டாக்டர்.

அதனால்தான் கதவில் கைவைத்தேன். கீல் ஆணி தேய்ந்து, கதவு தொங்கி, பூட்டு நாக்கு பிடிக்கவில்லை. பேயில்லை, தேய்மானம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா தடுப்பாள் என்று பார்த்தால், "செய்யிலே. அந்தக் கதவோட மல்லுக்கட்டியே அவுகளுக்குத் தோள்வலி. இனியாச்சும் லேசாத் தெறக்கட்டும்" என்றாள்.

ஆணியைத் தட்டி எடுக்கும்போது கதவைத் தாங்க அடியில் மூட்டை கொடுக்க வேண்டும். உருளைக்கிழங்கு மூட்டையை நகர்த்தச் சோம்பி, பூண்டு மூட்டையைக் கொடுத்தேன். ஆணி வந்தது. கதவு இறங்கியது. பூண்டு நசுங்கியது.

"ஏலே, கதவு மாட்டுறியா, ரசம் வக்கிறியா?"

நீங்கள் போன பிறகு அக்கா சிரித்தது அன்றுதான்.

தடித்த போல்ட் ஒன்றை அரத்தால் ராவிப் புது ஆணியாக்கினேன். நாக்குக்குப் பழைய பூட்டின் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டேன். கதவு டக்கென்று பிடித்துக்கொண்டது. அன்று மேகம் இறங்கியும் அசையவில்லை. அக்கா வாசலிலேயே காத்திருந்துவிட்டு வந்து படுத்தாள். ஜெயித்தது நான்தான். பிறகு ஏன் எனக்குச் சோறு இறங்கவில்லை?

மறுநாள் திறந்தது இடதுபக்கக் கதவு.

அதில் தேய்மானம் இல்லை, மச்சான். கீலில் ஆட்டமே இல்லை. நான் சோதித்துப் பார்த்தவன்.

"வெளியூர் கெளம்புனாத்தான் அவுக என் பக்கத்துக் கதவத் தெறந்து விடுவாக" என்றாள் அக்கா. "கூப்புடுறாகடா."

"போகாதக்கா" என்று கையைப் பிடித்தேன். அது சில்லென்றிருந்தது.

உங்களை வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டேன் என்று கோபமா? என்மேல் காட்டுங்கள். நாளை வெள்ளனே எழுந்து உங்கள் கீலைத் தளர்த்திவிடுகிறேன், ஸ்பிரிங்கையும் பிடுங்கிவிடுகிறேன். கம்பளியும் சுக்குத்தண்ணியும் காருக்கே கொண்டுவந்து அக்காவுக்குக் கொடுக்கிறேன். உங்கள் பக்கமாக வாருங்கள், பேசுங்கள், இறங்கிப் போங்கள். அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

உங்கள் மனைவிக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தம்பி,
சின்னச்சாமி