வழியனுப்பியாயிற்று

ஜூன் 10, செவ்வாய்

பல் துலக்கும் முன்பே கைபேசியில் பார்த்தேன். "பரிசீலனையில் உள்ளது." போன வருஷம் மழையில் போட்ட விண்ணப்பம். இந்த வருஷ மழையும் வந்துவிட்டது, அந்த வரி மட்டும் அசையவில்லை.

அம்மா எனக்கு நூல் கட்டி வழியனுப்ப நாள் குறித்துவிட்டு வந்து நிற்கிறாள். விசாவே வரவில்லை, அதற்குள் என்ன வழியனுப்பு என்றேன்.

"பிக்குங்க மழைக்கால விரதத்துல உட்கார்ந்துட்டா அக்டோபர் வரைக்கும் நல்ல நாளே கிடையாதாம். நூல் கட்டற பெரியவர் சொல்லிட்டாரு. விசா எப்ப வேணா வரும்டி. நாள் போனா போனதுதான்."

சாயங்காலம் ரூனே கூப்பிட்டார். என் கணவர் நார்வேயில் பஸ் ஓட்டுகிறார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் சேர்ந்து இருந்ததெல்லாம் அவர் விடுமுறைக்கு இங்கே வந்த வாரங்கள்தான். எனக்கு அவர் மொழி பாதி, அவருக்கு என் மொழி கால். மிச்சத்தைக் கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி பார்த்துக்கொள்ளும். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். ஜூலையில் எப்படியும் வந்துவிடும், அம்மா சொல்வதைக் கேள் என்றார்.

சரி என்றுவிட்டேன். ஊர் கூடி என்னை வாழ்த்துவதைப் பார்க்க எனக்கும்தான் ஆசை.

ஜூன் 29, ஞாயிறு

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளை நூல். எழுதவே கஷ்டமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். இப்படி ஒரு நாள் எனக்கு வந்ததே இல்லை.

தெரு முழுக்க வந்தது. பெரியவர் மந்திரம் சொல்ல, வாழையிலைக் கோபுரத்தைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு நூல் கட்டினார்கள். பக்கத்து வீட்டு புன்மா அத்தை அவித்த முட்டையை என் உள்ளங்கையில் அழுத்தி, "போய்ச் சேரு லம்துவான், கொழுத்துத் திரும்பி வா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் எனக்காகக் கண்ணைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

சந்தையில் பச்சைப் பப்பாளியைச் சீவி இடித்து விற்கும் என் கடையை தம்பி கம்போனின் பெண்டாட்டி வாசனாவுக்குக் கொடுத்தேன். உரலையும் உலக்கையையும் எல்லோர் முன்னாலும் தூக்கிக் கொடுத்து, "இனிமே இது பப்பாளி இடிக்கற கை இல்லம்மா" என்று நூல் கட்டிய கையை ஆட்டிக் காட்டினேன். கைதட்டினார்கள். வாசனா என் அறைக்குள் போய்த் திரைச்சீலைக்கு ஜன்னலை அளந்தாள். அளக்கட்டும் என்று விட்டேன்.

படுக்கப் போகும்போது அம்மா சொன்னாள்: "நூலை அறுக்காத. அங்க போய் எறங்குன பிறகு அவிழ்த்துக்க. வழியனுப்பின உயிர் பாதி தூரம் போயிருக்கும். திரும்பிப் பார்க்கக் கூடாது."

ஜூலை 12, சனி

விரதம் தொடங்கிவிட்டது. பரிசீலனையில் உள்ளது.

ஜூலை 24, வியாழன்

சந்தையில் மீன் விற்கிறவள் கேட்டாள்: "என்னடி, இன்னும் இங்கதானா? விமானம் பஞ்சரா?"

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்தால் அறையில் புதுத் திரைச்சீலை தொங்குகிறது, கட்டிலில் வாசனாவின் துணிமணி. "அக்கா, உங்க பெட்டிய நெல்லு வெக்கற கொட்டாய்ல வெச்சிருக்கேன். எப்படியும் கிளம்பப் போறீங்க, எதுக்கு ரெண்டு தடவ தூக்கறது?" நியாயமாகத்தான் பேசுகிறாள். இவள் இப்படி நியாயமாகப் பேசும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்று முதல் கொட்டகையில் பாய்.

ஆகஸ்ட் 6, புதன்

கம்போன் மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தான். முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. தண்ணி போட்டுவிட்டு ஓட்டினால் விழத்தான் செய்வான். அம்மா அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"வழியனுப்பின ஆளை மறுபடி கூடவே உட்கார வெச்சு சோறு போட்டா வேற என்ன ஆகும்? வழி சும்மா விடுமா? யாரையாவது இழுக்கும்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்? பறந்து போகட்டுமா?"

"நான் ஒண்ணும் சொல்லல. பின்னாடி உட்கார்ந்து சாப்பிடு."

ஒட்டரிசிச் சோற்றுக் கூடையை நடுவில் வைத்து அவர்கள் சாப்பிட்டார்கள். எனக்குத் தனியாக ஒரு சின்னக் கூடை, கொட்டகை வாசலில். விருந்தாளிக்குக் கொடுக்கும் கூடையைக்கூட எடுக்கவில்லை. மூடி உடைந்த கூடை.

ரூனே இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கூப்பிடுகிறார். வேலை அதிகமாம். இருக்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எங்கள் நாட்டில் இன்று அன்னையர் நாள். கம்போன் மண்டியிட்டு அம்மாவுக்கு மல்லிகைச் சரம் கொடுத்தான். அம்மா அதை முகர்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு நான் மண்டியிட்டேன். என் சரம் அவனுடையதைவிடப் பெரியது, வேண்டுமென்றேதான் பெரியதாக வாங்கினேன். அம்மா இரண்டு விரலால் வாங்கி, எழுந்து போய், செத்துப்போன அப்பாவின் படத்துக்கு மாட்டிவிட்டாள்.

"போனவ குடுத்தத போனவருக்கே வெச்சுட்டேன்" என்றாள். வாசனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அம்மா, நான் உயிரோடுதானே இருக்கிறேன்?

ஆகஸ்ட் 22, வெள்ளி

கதியற்ற ஆவிகளுக்குச் சோறு வைக்கிற நாள். விடியுமுன் கோயில் மதிலோரம் எல்லோரும் வாழையிலைப் பொட்டலங்களைத் தரையில் வைத்தோம். யாருமில்லாத ஆவிகள் வந்து தின்றுவிட்டுப் போகும்.

புன்மா அத்தை ஒரு பொட்டலம் அதிகமாக வைத்தாள். யாருக்கு என்று யாரோ கேட்டார்கள்.

"நம்ம லம்துவானுக்குத்தான். இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. பசிக்கும்ல பாவம்."

மதிலோரம் முழுக்கச் சிரிப்பு. பிக்குகூடச் சிரித்த மாதிரி இருந்தது. அம்மா சிரிக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னாளா? இல்லை.

விசா வரட்டும். இந்த ஊர்ப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன். அத்தைக்கு அங்கிருந்து ஒரு குளிர்த்தொப்பி அனுப்புவேன், இந்த வெயிலில் போட்டுக்கொண்டு திரியட்டும்.

செப்டம்பர் 3, புதன்

ரூனேயிடமிருந்து நீளமாக ஒரு சேதி. செயலியில் போட்டால் முதல் வரி இப்படி வருகிறது: "நீ இல்லாமைக்கு நான் பழகிவிட்டேன்."

செயலிக்குப் பைத்தியம். முன்பு ஒரு தடவை, அம்மாவுக்கு முதுகுவலி குறைந்ததா என்று அவர் கேட்டதை, அம்மாவின் முதுகைக் குறைத்தாயா என்று மாற்றித் தந்தது. இதுவும் அப்படித்தான். நீ இல்லாமல் பழக முடியவில்லை என்று எழுதியிருப்பார்.

"செயலி தப்பாகச் சொல்கிறது, மறுபடி எழுதுங்கள்" என்று அனுப்பினேன். மறுபடி எழுதினார். சின்னச் சின்ன வாக்கியமாக, எனக்குப் புரிய வேண்டும் என்று.

அதே வரி வந்தது.

நாளை நார்வே மொழி வகுப்பு. ஆசிரியையிடம் காட்டுவேன்.

செப்டம்பர் 4, வியாழன்

வகுப்புக்கு உதோன் நகரத்துக்குப் பஸ் பிடித்துப் போனேன். ஆசிரியை நார்வேயில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். கைபேசியை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"செயலி தப்பு பண்ணலம்மா" என்றார்.

பிறகு வரி வரியாகச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் மேசையில் எனக்கும் ஒரு தட்டு வைத்தாராம். இரண்டாவது குளிர்காலத்தில் வைக்க மறந்தாராம். மறந்தது தெரிந்தபோது வருத்தமே இல்லையாம், அதுதான் அவரைப் பயமுறுத்தியதாம். என்னை வரவழைத்துக்கொள்வதாகக் கொடுத்திருந்த ஒப்புதலைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக விசா அலுவலகத்துக்கு எழுதிவிட்டாராம். நீ நல்லவள் என்று கடைசியில் போட்டிருக்கிறார்.

நல்லவளாம்.

ஆசிரியை கேட்டார்: "இன்னைக்குப் பாடம் வேணுமா, வேண்டாமா? மத்தவங்க காத்திருக்காங்க." வேணும் என்றேன். எழுந்து போனால் பஸ் வரும்வரை எங்கே உட்காருவது? இன்றைய பாடம் குளிர். பனி விழுகிறது, பாதை வழுக்குகிறது, கையுறை எங்கே. எல்லோரும் திருப்பிச் சொன்னோம். நான் சத்தமாகவே சொன்னேன்.

நானும் அதே ரெண்டு வருஷம்தானே காத்திருந்தேன்? எனக்கு ஏன்யா பழகல? இங்க என்னை ஆவின்னு சோறு வெக்கறாங்க, அங்க ஒரு தட்டு வெக்க மறந்து போச்சாம். மறந்தத ஒரு சேதியா வேற எழுதத் தெரியுது. ஃபோன் எடுத்து நாலு வார்த்தை பேசத் தெரியல. அழவும் வரல, சனியன்.

செப்டம்பர் 5, வெள்ளி

கைபேசியில் இன்னும் "பரிசீலனையில் உள்ளது" என்றே இருக்கிறது. மீன்காரி கேட்டாள். வந்துவிடும் என்றேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

வரி மாறிவிட்டது. விண்ணப்பம் முடித்துவைக்கப்பட்டது.

கொட்டகையில் உட்கார்ந்து பப்பாளி சீவும் கத்தியால் நூல்களை ஒவ்வொன்றாக அறுத்தேன். அழுக்கேறிச் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தன, கீழே தோல் வெளுத்து அரித்தது. அறுத்து முடித்து நிமிர்ந்தால் அம்மா வாசலில் நிற்கிறாள். என் கையைப் பார்த்தாள். கீழே கிடந்த நூலைப் பார்த்தாள்.

"வராதா?"

"வராதும்மா."

"அவனா, ஆபீஸா?"

"அவருதான்."

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து நூலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய் அடுப்பில் போட்டாள். சாயங்காலம் எனக்கு அதே மூடி உடைந்த கூடைதான்.

அக்டோபர் 8, புதன்

விரதம் முடிந்தது. அம்மா பெரியவரைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை நாள் நல்லா இருக்காம். திரும்பி வந்தவங்களுக்கு நூல் கட்ட."

"யாரு திரும்பி வந்தா?"

"நீதான்."

"நான் எங்கம்மா போனேன்?"

"அதான் போகச் சொல்றேன். காலைல பெட்டியத் தூக்கிட்டு உதோன் பஸ் ஸ்டாண்டுக்குப் போ. மத்தியானம் வரைக்கும் உட்காரு. அப்புறம் வண்டி வெச்சுட்டு வாசல் வழியா வா. அந்த ஆளு வாங்கிக் குடுத்த குளிர்க்கோட்டு இருக்குல்ல, அதப் போட்டுட்டு வா."

"ஊருக்கே தெரியும்மா. சிரிப்பாங்க."

"ஒரு நாள் சிரிப்பாங்க. இப்படியே கொட்டாய்ல கெடந்தா தெனமும் சிரிப்பாங்க. போனவதான் திரும்பி வர முடியும். போகாதவளுக்கு நூல் கட்ட முடியாதுடி, பெரியவர் ஒத்துக்க மாட்டாரு." எழுந்தவள் திரும்பி நின்று, "வரும்போது வெளிநாட்டு மிட்டாய் வாங்கிட்டு வா. உதோன்ல பெரிய கடைல கெடைக்கும்" என்றாள்.

முடியாது என்றேன். என்னால் முடியவே முடியாது.

அக்டோபர் 12, ஞாயிறு

போனேன்.

விடிந்ததும் அம்மா என்னைப் பின்வாசல் வழியாக அனுப்பினாள். பஸ் ஸ்டாண்டில் கோட்டு போட்டுக்கொண்டு பெட்டி மேல் கால் வைத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் எங்கே பயணம் என்று கேட்டாள். ஊருக்கு என்றேன். எந்த ஊரிலிருந்து என்று கேட்டாள். கழிப்பறைக்குப் போவதுபோல எழுந்துவிட்டேன்.

மத்தியானம் மூன்று சக்கர வண்டியில் தெருவுக்குள் நுழைந்தால், நிஜமாகவே எல்லோரும் நிற்கிறார்கள். மீன்காரிகூட. கோட்டுக்குள் வியர்வை முதுகில் ஓடுகிறது. அம்மா வாசலில் தண்ணீர்க் குவளையோடு நின்று, என்னை வெகுநாளாகப் பார்க்காதவள்போல, "வந்துட்டியா?" என்றாள். வந்துட்டேன்மா என்றேன். கம்போன் பெட்டியை வாங்கினான். அதைக் காலையில் கட்டிக்கொடுத்தவனும் அவன்தான்.

பெரியவர் போன உயிரைத் திரும்பக் கூப்பிட்டு மந்திரம் சொன்னார். மலை தாண்டி வா, கடல் தாண்டி வா, வீட்டுக்கு வா. நூல் கட்டினார்கள். மிட்டாயைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். வெளிநாட்டு மிட்டாய் என்றால் ருசியே தனிதான் என்று மீன்காரி கண்ணை மூடிக்கொண்டு சப்பினாள். உறையின் பின்பக்கம் உதோன் கடையின் விலைச்சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது.

வாசனா நூலைக் கட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நாளைலேர்ந்து கடைக்கு வாங்க. பப்பாளி சீவ ஒரு ஆள் தேவைப்படுது." அறையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா அடுப்பங்கரையில் எனக்குப் பாய் போட்டிருக்கிறாள். எல்லோருக்கும் நடுவில் உட்கார வைத்து, பெரிய கூடையிலிருந்து சோறு எடுத்துக் கொடுத்தாள்.

கடைசியாக புன்மா அத்தை வந்து உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்து நிதானமாக முடிச்சுப் போட்டாள். அத்தை என் கோட்டின் கையைத் தடவிப் பார்த்தாள்.

"அங்க ரொம்பக் குளிரா, லம்?"

அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இருக்கிறதா என்று தேடினேன். தெரியவில்லை. அம்மா சோற்றை உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா அத்தை" என்றேன். "ரொம்பக் குளிரு. பாதையெல்லாம் வழுக்கும்."