புன்னைக்காயல் வரை நடக்க இருந்தோம்

மழையில் நனைந்த மண்சுவரின் வாசனை காலையிலேயே என்னை உன்னிடம் கொண்டுவந்து விட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறேன். இடிந்த கோட்டைச் சுவரின் பக்கம், போன வருஷம் நீ உட்கார்ந்த மேட்டில் உட்காரப் பார்த்தேன். முடியவில்லை. அங்குமிங்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

துறைமுக அலுவலகத்தில் முப்பது வருஷம் அடுத்தடுத்த மேஜையில் தட்டச்சு செய்தவர்கள் நாம். ஓய்வு பெற்றபின் நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். இங்கிருந்து தாமிரபரணிக் கரையோடு நடந்து, ஆறு கடலில் சேருகிற உன் ஊர் புன்னைக்காயலுக்குப் போகவேண்டும். இரண்டு நாள் நடை. பஸ் இருக்கும்போது இது எதற்கு என்றேன்.

"ஆறு எங்க ஊருக்கு வந்து சேருததத்தான் பாத்திருக்கேன். வார வழியப் பாத்ததில்ல, ஏளா" என்றாய்.

நடைக்கு முந்தின நாள் ஊரைச் சுற்றினோம். அணைக்கட்டில் ஒவ்வொரு மதகுக் கண்ணாக நின்று எட்டிப் பார்த்தாய். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உன் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு என்னோடு உள்ளே வந்தாய். மறுநாளுக்குப் பழம் வாங்கவேண்டுமே என்று நான் உன்னை அவசரப்படுத்திக்கொண்டே இருந்தேன். கோட்டை மேட்டில் ஏறியதும் நீ சட்டென்று உட்கார்ந்து, ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தாய். உன் உதடு வெளுத்திருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"நடக்காதன்னாரு. அதான் சீக்கிரம் நடந்துருவோம்னு பாக்கேன்."

நீ சிரித்தாய். பழம் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, உன் மகனுக்குப் போன் செய்தேன். மூன்று மணிக்குள் கார் வந்துவிட்டது. "நல்லவேள சொன்னிய பெரியம்மா" என்றான். நீ ஏறிக்கொண்டாய். பாலத்தில் மட்டும் கண்ணாடியை இறக்கச் சொல்லி, தண்ணீரைப் பார்த்தபடி வந்தாய்.

அதன்பின் நான்கு மாதம் இருந்தாய். ஆபரேஷன், மறுபடி ஆஸ்பத்திரி, கடைசியில் வீட்டுக் கட்டில். ஒருநாளும் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாய்.

"நீயாவது நடந்தியா?"

"இல்ல."

"ஏன்?"

அந்த ஒரு சொல்லைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். உன்னைக் காப்பாற்றினேனா, உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேனா என்று பஸ்ஸில், அடுப்படியில், தூக்கத்துக்கு நடுவில் எனக்குள்ளேயே வழக்காடுகிறேன். தீர்ப்பு வரவில்லை.

வெயில் ஏறுமுன் ஆற்றங்கரையோடு கிளம்புகிறேன். எனக்கும் இப்போது முழங்காலில் நீர் கட்டுகிறது, நடக்கக்கூடாது என்கிறார்கள். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் கார் அனுப்பிவிடுவாள்.