வெள்ளிக்கிழமைச் சாண்ட்விச்

4 யூலை 1997, வெள்ளி

இன்றும் சோமா அக்காவின் கடையில்தான் மத்தியானச் சாப்பாடு. கொள்ளுப்பிட்டியில் எங்கள் ஒஃபிசுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் நாலைந்து மேசை போட்ட சாண்ட்விச் கடை. கிளாக்குமார், கடைகளில் வேலை செய்யும் பெட்டைகள், சந்தியில் காவல் நிற்கும் பொலிஸ்காரர், எல்லாருக்கும் அதுதான். பம்பலப்பிட்டி தாண்டியதும் பஸ்ஸுக்குள்ளேயே ஒட்டுப்பொட்டைக் கழற்றி, கைப்பைக்குள் இருக்கும் கண்ணாடியில் ஒட்டிவிடுவேன். இரத்மலானையில் வளர்ந்த புண்ணியத்தில் என் சிங்களத்தில் ஒருவரும் பிழை பிடிக்க முடியாது. அந்தக் கடையில் நான் தமிழ் என்று யாருக்கும் தெரியாது. குண்டு வெடித்த மறுநாள்கூட அங்கே நிம்மதியாக இருந்து சாப்பிட்டிருக்கிறேன்.

வெள்ளி என்பதால் எனக்கு மீனும் இல்லை, முட்டையும் இல்லை. "இன்றைக்கும் வயிறு சரியில்லையா நங்கி?" என்று சோமா அக்கா சிங்களத்தில் கேட்டார். என்னை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தலையாட்டினேன். வெள்ளரிக்காய், தக்காளி, பட்டர். நல்ல ருசி.

8 யூலை, செவ்வாய்

இரத்தினசிங்கம் மாமா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறார். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். ஒரு கண் முற்றாக மறைத்துவிட்டது, ஒப்பரேசன் செய்யவேண்டும். எங்கள் வெள்ளவத்தை அனெக்ஸ் அறையில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. பக்கத்து லொட்ஜில் நிற்கிறார். வியாழன் பின்னேரம் பொரளையில் கண் டொக்டரிடம் நான் கூட்டிப்போகவேண்டும்.

"மத்தியானமே வாங்கோ மாமா. ஒஃபிசுக்குப் பின்னால ஒரு கடை இருக்கு, சாப்பிட்டிட்டுப் போவம்" என்றேன். சரியான சந்தோசம் அவருக்கு.

10 யூலை, வியாழன்

எப்படி எழுதுவது?

மாமா வந்தார். வேட்டி, நெற்றி நிறைய விபூதி. அழித்துவிட்டு வாருங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வந்திராது. வாசலோரத்து மேசையில் இரண்டு பொலிஸ்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலில் நின்றே, "பிள்ளை ஜெகா! இஞ்சையோ இருக்கிறாய்? கண் தெரியாமல் ரெண்டு தரம் சுத்திப்போட்டு வாறன்" என்று உரக்கச் சொன்னார். முழுக் கடையும் திரும்பிப் பார்த்தது.

பொலிஸ்காரர் ஒருவர் எழும்பி அடையாள அட்டையை வாங்கினார். யாழ்ப்பாண விலாசம். யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டார். மாமா என்னைக் காட்டினார். பொலிஸ்காரர் என் மேசைக்கு வந்தார். "மிஸ், இந்த ஆளைத் தெரியுமா?"

"தன்னே நே" என்றேன். தெரியாது என்று. எவ்வளவு சுத்தமான சிங்களம்!

மாமாவுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் விளங்கிவிட்டது. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பொலிஸ்காரரிடம், "சொறி சேர். மிஸ்ரேக். ரோங் லேடி" என்றார். அவரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் எழும்பவில்லை. பாதியில் எழும்பினால் சந்தேகப்படுவார்கள் என்று மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தேன். முடித்தேன்! என்ன சென்மம் நான்?

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாமாவைக் கேட்டார். "அவர் வரேல்லையம்மா" என்றேன்.

11 யூலை, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. மாமா இரவு வரவில்லையென்று லொட்ஜ் மனேச்சர் வந்து சொன்னார். அம்மா அவரையும் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு பொலிஸ் நிலையமாக ஓடினார். எந்தப் பொலிஸ் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நானும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அந்தப் பொலிஸ்காரன் அங்க நிண்டா? நேத்துத் தெரியாதெண்டியே எண்டு கேட்டா? அம்மாவுக்கு முன்னால—

சீ.

13 யூலை, ஞாயிறு

மாமா இருக்கும் இடத்தை அம்மா கண்டுபிடித்துவிட்டார். பார்க்க விடவில்லையாம். எனக்குத் தலையிடி என்று அம்மா கொத்தமல்லி அவித்துத் தருகிறார். எனக்கு!

15 யூலை, செவ்வாய்

விட்டுவிட்டார்கள். மாமா நேரே வீட்டுக்கு வந்தார். சேட்டுக் கொலர் கிழிந்திருந்தது, நெற்றி வெறுமையாக இருந்தது. எங்கே வைத்துப் பிடித்தார்கள் என்று அம்மா கேட்டார். "காலி வீதியில, பஸ்ஸால இறங்கேக்கை" என்றார். நான் சுவரோடு நின்றேன்.

டொக்டர் இனி ஒக்டோபரில்தான் பார்ப்பாராம். அதுவரை மாமா இங்கே நிற்க மாட்டாராம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளிக்கிடுகிறார். "மற்றக் கண் தெரியுதுதானே தங்கச்சி" என்று அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

என்னை ஏசியிருக்கலாம். ரெண்டு அறை தந்திருக்கலாம். "பிள்ளைக்கு இண்டைக்கு வேலையில்லையோ" என்று கேட்டார், அவ்வளவுதான்.

18 யூலை, வெள்ளி

இன்று பொட்டைக் கழற்றவில்லை. துணிவு என்று சொல்ல மாட்டேன். கை போகவில்லை.

சோமா அக்கா பொட்டைப் பார்த்தார். மேல்தட்டிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து வெள்ளரிக்காயை வெட்டத் தொடங்கினார். ஏன் வேறு கத்தி என்று கேட்டேன்.

"இது உன்னுடைய வெள்ளிக்கிழமைக் கத்தி. மீன் படாதது" என்றார். "எங்கள் பக்கத்து வீட்டில் முந்தி தமிழ்ச் சனம் இருந்தது. வெள்ளிக்கிழமை பார்த்து வயிறு பிழைக்கிறது யாருக்கென்று எனக்குத் தெரியும் நங்கி."

அவர் வெட்டி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தப் பொலிஸ் பொடியன்கள் தினமும் என் கையால் சாப்பிடுகிறவர்கள். தெரியும் என்று நீ ஒரு சொல் சொல்லியிருந்தால், இது எங்கள் பிள்ளை, அந்த ஐயாவை விடுங்கள் என்று நான் சொல்லியிருப்பேன். நீயே தெரியாதென்றாய். நான் என்னத்தைச் சொல்ல?"

அப்ப நான் ஆருக்கு ஒளிச்சனான்?

நான் அங்கே சாப்பிடவில்லை. இன்னொன்றும் சேர்த்துக் கட்டித்தரச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்னேரம் மாமா அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். பார்சலைப் பிரித்துக் கொடுத்தேன். மரக்கறிதானே என்று கேட்டுக்கொண்டு ஒரு கடி கடித்தார்.

"நல்லாயிருக்குப் பிள்ளை. எங்கை வாங்கினனி?"

"ஒஃபிசுக்குப் பின்னால இருக்கிற கடையில, மாமா."

"ஓ" என்றார். "நான் அந்தப் பக்கமே வரேல்லை."

அம்மா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வந்தனீங்கள் மாமா" என்றேன். "நான்தான் தெரியாதெண்டு சொன்னனான்."

அம்மா கோப்பையை மேசையில் வைத்தார். மாமா நிமிரவில்லை. குனிந்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.