காலி ரோடு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். துவைத்த சட்டை இரண்டு நாளாகக் காயவில்லை. ஈரத்தோடு போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணனுக்கு விசா வந்துவிட்டது. துபாய், பைக்கில் சாப்பாடு டெலிவரி. நான் ஓட்டிவிட்டுப் போதும்டா சாமி என்று ஓடி வந்த அதே வேலை, அதே ஏஜென்ட். இந்த மாதக் கடைசியில் டிக்கெட்.

மதினி கேசரி கிண்டியிருந்தார். அண்ணன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டு, "ஏலே, அங்கன என்ன பெரிய வித்தையா? நீயே ஓட்டிருக்க" என்றார்.

நீயே! நாற்பதைத் தொடப் போகிற ஆள் பேசுகிற பேச்சு.

அண்ணன் தோட்டத்துத் திராட்சை இரண்டு வெட்டு மழையில் வெடித்துப் போனது. மூன்றாம் வெட்டுக்கு வியாபாரி பந்தலுக்குள் வந்து, ஒரு குலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, விலை சொல்லாமலே போய்விட்டார். அதற்கப்புறம்தான் இந்த ஏற்பாடு. போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. கேசரியைத் தின்றேன்.

மதினி பின்வாசலில் வைத்து, "தம்பி, அவுகளுக்கு நீங்கதான் எல்லாம் சொல்லிக்குடுக்கணும். நீங்க பத்திரமா வந்துட்டீகள்ல" என்றார்.

பத்திரமாகத்தான் வந்தேன். வந்த நாளிலிருந்து வண்டியைத் தொடவில்லை. கம்பத்தில் பம்ப்செட் கடை வேலைக்கு டவுன் பஸ். துபாய்ல ஓட்டுனவன் படியில தொங்குறான் பாரு என்று ஊரே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முதல் பாடம். தோட்டத்துக்குப் பின்னால் வாய்க்கால் கரை மண் ரோடு. சாயங்காலம் அங்கே ஆடு மாடு தவிர யாரும் வருவதில்லை. மெயின் ரோட்டில் இந்த விளையாட்டு வேண்டாம் என்று அண்ணனிடம் முதலிலேயே சத்தியம் வாங்கினேன்.

அண்ணன் வண்டி ஓட்டும் அழகு:

கண்ணாடி இரண்டையும் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறார். "கொம்பு மொளச்ச மாதிரி இருக்குடா."

இண்டிகேட்டர் போடுவதில்லை. திரும்பும்போது காலை நீட்டுவார்.

போன் வந்தால் தலை தோளில் சாய்ந்துவிடும்.

ஹெல்மெட் டேங்க் மேலே. போலீஸ் தெரிந்தால் மட்டும் தலைக்கு. வார் பூட்டுவது கிடையவே கிடையாது.

ஹாரன். ஐயோ, அந்த ஹாரன்.

"அங்க ஹாரன் அடிச்சா வையிறதுக்குச் சமம்ணே."

"அப்புறம் எப்படிடா ஒதுங்குவான்?"

"ஒதுங்க மாட்டான். நாமதான் ஒதுங்கணும்."

"நல்ல ஊருடா அது" என்றார்.

அங்கே எல்லாரும் வலது பக்கம் போவார்கள் என்று விளக்கினேன். தலையாட்டினார். வண்டியை எடுத்தார். வலது ஓரமாகத்தான் கிளம்பினார். தென்னை மரம் தாண்டவில்லை, வண்டி தானாக இடது பக்கம் சாய்ந்துவிட்டது. ஏழெட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் அதே தென்னை.

இந்த ஆள் தேறமாட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

கடையில் கூட்டமில்லை. பாய் (முதலாளி) டீ வாங்கிக் கொடுத்து, "என்ன மாப்ள, மூஞ்சி செத்துக் கெடக்கு?" என்றார். வீட்டில் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

பிஜு. கட்டப்பனைக்காரன். மலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். துபாயில் எனக்கு மேல் கட்டில். அங்கே ஆறு லேன் ரோட்டில், பக்கத்தில் லாரி போகும் காற்றே ஆளைத் தள்ளும். அதில் அவன் மீன் மாதிரி போவான். அந்தக் கூட்டத்தில் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. லீவுக்கு ஊர் வந்து திரும்பிய மறுநாள், விடிகாலை, பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்தான். ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை. கைப் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பிவிட்டான். எதிரே கார்.

கூட்டத்தில் பயமில்லை. எல்லாரும் போகிற பக்கம் நாமும் போவோம். முன்னால் ஒரு வண்டி போனால் போதும். காலி ரோடுதான் ஆளைத் தின்னும். பாயிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

"ஒங்க அண்ணன்ட்ட சொன்னியா?" என்றார்.

சொன்னால் மதினி தூங்கமாட்டார். சொல்லவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சாரல் விட்டது. காற்று மட்டும் பேய்க் காற்று. பந்தல் கம்பி எல்லாம் ஊளையிடுகிறது.

ரவுண்டானா பாடம். திராட்சை டிரேக்களைக் களத்தில் வட்டமாக அடுக்கினேன். நாலு பக்கமும் ரோடு என்று சுண்ணாம்பில் கோடு. உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவனுக்குத்தான் முதல் உரிமை, நீ காத்திருக்க வேண்டும் என்றேன்.

மதினி சிவப்புத் துண்டும் பச்சைத் துண்டும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். சிக்னலாம். சிவப்பைக் காட்டும்போதெல்லாம் அண்ணன் வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்கொண்டு அவரை ஒரு சுற்றுச் சுற்றினார். மதினி துண்டாலேயே அடித்தார். "அங்கனயும் இப்படித்தான் செய்வீகளா? புடிச்சு உள்ள போட்டுருவாக!"

நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்கப்புறம்.

அப்புறம் அண்ணன் டிரேக்களின் மேலேயே விட்டார். இரண்டு உடைந்தன. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது டிரே. அங்க இது காரு. ஒன்னயத் தூக்கிக் கடாசிட்டுப் போய்க்கிட்டே இருப்பான்" என்று கத்தினேன்.

"ஏலே, பயந்தாங்கொள்ளி! ஒனக்குச் சைக்கிள் பழக்குனது யாருடா?" என்றார்.

அவர்தான். மதினி துண்டுகளை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை, மாலை இரண்டு வேளையும் பாடம். அதே தென்னை, அதே சாய்வு.

ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன், வேறெங்கும் சொல்ல முடியாது. அவர் தேறக்கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். அங்கே போனதும் கம்பெனி டெஸ்ட் வைப்பான். அதில் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவான். அவமானத்தோடு வரட்டும். மதினி அழட்டும். முழு ஆளாக வந்தால் போதும்.

அப்படி நினைத்துக்கொண்டேதான் "வலது, வலது, வலது" என்று தொண்டை வற்றக் கத்துகிறேன். இது என்ன பிழைப்பு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கம்பத்தில் புதுக் கண்ணாடி இரண்டு வாங்கி நானே மாட்டினேன். அண்ணன் முதலில் மீசையைப் பார்த்தார், அப்புறம் ரோட்டைப் பார்த்தார்.

வார் பூட்டிய ஹெல்மெட். இண்டிகேட்டர். வாய்க்கால் கரை முழுக்க, மதகு வரை போய்த் திரும்பி வந்தார். தென்னையைத் தாண்டினார். சாயவில்லை. மறுபடி போகச் சொன்னேன். சாயவில்லை. நாலு தடவை.

"எப்படிண்ணே?"

"நீ கத்துனது காதுக்குள்ளயே கெடக்குடா. தூக்கத்துல கூட வலதுங்கிறேனாம். ஒங்க மதினி சொல்றா" என்றார்.

பாராட்ட வேண்டும். பாராட்டினேன். இனி அவர் போவது நிச்சயம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நேற்று எழுதவில்லை.

நேற்று விடிகாலை கரண்ட் வந்ததும் அண்ணன் தோட்டத்துக்கு மோட்டார் போடப் போயிருக்கிறார். போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்ப, தோட்டத்துச் சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்திருக்கிறார். ரோடு காலி. வலது பக்கம் திரும்ப வேண்டும். ரோட்டைக் குறுக்கே தாண்டி அந்த ஓரத்துக்குப் போகவில்லை. இந்த ஓரமாகவே, வலது பக்கமாகவே போயிருக்கிறார். வளைவில் பால் வேன்.

உயிர் இருக்கிறது. வலது கால் இரண்டு இடத்தில் நொறுங்கிவிட்டது. இடுப்பிலும் அடி. கம்பத்தில் கட்டுப் போட்டுத் தேனிக்கு அனுப்பிவிட்டார்கள். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருக்கிறது; தலையில் ஒரு கீறல் இல்லை.

வேன் டிரைவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றான். சின்ன வயசு. "அண்ணே, சத்தியமா சொல்றேன், அவரு ஓட்டுனதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஹெல்மெட்டு போட்டிருந்தாரு. இண்டிகேட்டர் போட்டாரு. மெதுவாத்தான் வந்தாரு. ஆனா என் பக்கத்துல வந்தாருண்ணே. நான் எங்கண்ணே போவேன்?"

அவனுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். தேறிவிட்டார். என் பாடத்தில் தேறிவிட்டார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தேனி. ஆபரேஷன் முடிந்தது. நடப்பார், ஆனால் எப்படி நடப்பார் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

சாயங்காலம் மதினி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்துவிட்டு, "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான் தம்பி போயிருக்காக" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அண்ணன் கண் விழித்துப் பேசுகிறார். பிஜு கதையைச் சொன்னேன்.

"இத முன்னாடியே சொல்லிருக்கலாம்லடா" என்றார்.

ஆமாம்.

ஏஜென்ட் மதினிக்குப் போன் செய்திருக்கிறான். கொடுத்த பணம் திரும்பாதாம். ஆனால் கம்பெனிக்கு ஆள்தான் வேண்டுமாம், யாராக இருந்தால் என்ன. தம்பிக்கு அங்கே லைசன்ஸ் இருக்கிறதே, அவரை அனுப்புங்கள், விசாவை மாற்றி எடுத்துத் தருகிறேன் என்றானாம். மதினி இதையெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கடைசியில், "நான் கேக்கல தம்பி. அவன் சொன்னதச் சொன்னேன்" என்றார்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமில்லை, தெரியும். பக்கத்துக் கட்டில்காரர் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டோம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கடையில் கணக்கு முடித்துக்கொள்கிறேன் என்று பாயிடம் சொன்னேன். அவர் பம்ப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "வண்டியத் தொட்டே வருசமாச்சேடா" என்று தன் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்தார்.

வாங்க வேண்டியவை: ஹெல்மெட். மழைக் கோட்டு வேண்டாம், அங்கே எதற்கு. வெயிலுக்கு முழுக்கைப் பனியன். தைலம். பாஸ்போர்ட் ஜெராக்ஸ்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. சரி போகிறேன் என்றேன். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

"கண்ணாடி ரெண்டும் ஒடையலயாம்டா. கழட்டி எடுத்துக்க" என்றார்.

அப்புறம், "வலது பக்கம்டா. காலி ரோட்டுல மறந்துராத" என்றார்.

சரிண்ணே என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

நல்ல காற்று. மேகம் இல்லை. விடிந்ததும் பாயின் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வண்டி ஓடியது, கை மறக்கவில்லை. வாய்க்கால் கரையில் மதகு வரை ஒரு சுற்று. தோட்டத்துச் சந்தில் திரும்பி மெயின் ரோட்டுக்கு வந்தேன்.

ஹெல்மெட், வார், இண்டிகேட்டர், கண்ணாடி. எல்லாம் சரி.

இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். ரோடு காலி. எந்த ஓரமாகப் போக வேண்டும் என்று தெரியவில்லை. பிறந்து வளர்ந்த ஊர் ரோடு. தெரியவில்லை.

இன்ஜினை அணைத்தேன். ஏதாவது ஒரு பஸ் முன்னால் போகட்டும், அது போகிற ஓரமாகப் போகலாம் என்று சந்து முனையில் நின்றுகொண்டிருந்தேன்.